வீதியில் நுழைய வரி வேண்டுமா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் "நெரிசல் வரி" என்பதாகும். ஒரு பெரிய நகரத்தின் நடுப்பகுதிக்குள், கூட்டம் மிகுந்த நேரத்தில், மோட்டார் வண்டி ஓட்டிக்கொண்டு நுழைகிறவர்களிடம், அப்படி நுழைவதற்கென்றே ஒரு தொகை வாங்குவதுதான் அந்த வரி. சில தேசங்களில் இது நடந்து வருகிறது. நான் மேடைக்கு வருவதற்கு முன்பாகவே ஒரு தோழர் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. "ரோடு என்பது எல்லோருக்கும் பொதுச் சொத்தல்லவா? அதில் நுழையக் காசு கேட்பது அக்கிரமமல்லவா?" என்பது ஒன்று. "இந்த வரி போட்டால் பணக்காரன் காரில் போவான், ஏழை வீட்டில் உட்காருவான், இதைப் பகுத்தறிவு பேசுகிறவர்கள் ஆதரிக்கலாமா?" என்பது மற்றொன்று.

இரண்டும் நல்ல கேள்விகள். கேள்வி கேட்டவர் மீது எனக்குக் கொஞ்சமும் கோபமில்லை. கேட்காமலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். ஆகவே அந்தச் சீட்டையே இன்றையச் சொற்பொழிவாக வைத்துக் கொள்ளுகிறேன்.

நான் காலேஜில் பொருளாதார சாஸ்திரம் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியில் வந்த பிறகுதான் எனக்குப் படிப்பே ஆரம்பமாயிற்று. ஆதலால் பெரிய வார்த்தைகளைச் சொல்லி உங்களை மிரட்ட எனக்குச் சக்தியில்லை. வேறு ஊர்களில் நடந்த காரியங்களையும் அதன் கணக்குகளையும் சொல்லுகிறேன். முடிவை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

இனாம் என்பது இனாமா?

முதலில் ஒரு நாடகக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். நாடகம் முடிந்தவுடன் 500 பேர் எழுந்திருக்கிறார்கள். வாசல் ஒன்றுதான். ஒருவர் பின் ஒருவராகப் போனால் 10 நிமிஷத்தில் கொட்டகை காலியாகிவிடும். ஆனால் எல்லோரும் ஒரேயடியாக வாசலுக்குப் பாய்ந்தால் என்ன ஆகிறது? வாசல் அடைத்துக்கொள்ளுகிறது. அரைமணி நேரமானாலும் கூட்டம் கரைவதில்லை. வாசலின் அகலம் குறைந்துவிட்டதா? இல்லை. ஆட்கள் அதிகப்பட்டு விட்டார்களா? அதுவுமில்லை. வாசல் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள், அவ்வளவுதான்.

நகரத்து ரோடும் அதே மாதிரிதான். ஓர் அளவு வரையில் எத்தனை வண்டி வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அளவைத் தாண்டிய பிறகு மேலும் கொஞ்சம் வண்டிகள் வந்தால் போதும். எல்லா வண்டியும் நின்றுபோகும். இதிலிருந்து தெரிய வேண்டியது என்னவென்றால், நெரிசலை ஒழிக்க வண்டிகளையெல்லாம் ஒழிக்க வேண்டியதில்லை. ஐந்தில் ஒரு பங்கு வண்டி அந்த நேரத்தில் வராமலிருந்தாலே பாக்கி நாலு பங்கும் தாராளமாக ஓடும் என்பதாகும்.

"இப்போது ரோடு இனாமாக இருக்கிறதே" என்று சொல்லுகிறார்கள். தோழர்களே! இனாம் என்பது எது? கையிலிருந்து காசு போகவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் தினம் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி ரோட்டில் நின்றுகொண்டிருக்கிறவன் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்கிறானா இல்லையா? கூலிக்காரனுக்கு ஒரு மணி நேரம் என்பது கூலியல்லவா? ஆகவே வரி இப்பொழுதே இருக்கிறது, கொடுக்கிறவனும் இருக்கிறான், வாங்குகிறவன் மாத்திரம்தான் இல்லை. காசாக வாங்கினால் அந்தக் காசைக் கொண்டு ஒரு பஸ்ஸாவது வாங்கலாம். நேரமாக வாங்கினால் அது யாருடைய பெட்டிக்கும் போவதில்லை; புகையாகப் போகிறது.

மேலும் இந்த நேர வரியை யார் அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 50 பேர் ஏறிய ஒரு பஸ் போகிறது. அது இரண்டு மூன்று கார் நிற்கும் இடத்தைப் பிடிக்கிறது. அதன் முன்னால் 20 கார்கள் நிற்கின்றன. பெரும்பாலான கார்களில் ஓட்டுகிறவர் ஒருவர்தான் இருக்கிறார். அந்த 20 பேர் அடைத்த வழியில் பஸ்ஸிலுள்ள 50 பேரும் காத்துக் கிடக்கிறார்கள். பொதுச் சொத்து என்று சொன்னால், அதில் ஒருவனுக்கு அதிகமான இடமும், மற்றவனுக்கு அவனுக்குப் பின்னால் நிற்கும் பாக்கியமும்தானா பொது? பொதுச் சொத்தென்பதற்கு அர்த்தம், முந்திக்கொண்டவன் அனுபவிக்கட்டும் என்பதல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வரி உள்ள ஊர்களில் நடந்து போகிறவனிடமோ, சைக்கிளில் போகிறவனிடமோ, பொது பஸ்ஸில் போகிறவனிடமோ யாரும் காசு கேட்பதில்லை. ஆகவே "நுழையக் காசு" என்று சீட்டில் எழுதியிருப்பது எல்லோருக்கும் பொருந்தாது.

யோசனை பழையது

இந்த யோசனை நேற்றுத் தோன்றியதல்ல. வில்லியம் விக்ரி என்கிற பேராசிரியர் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் இருந்தவர். 1959-ல் வாஷிங்டன் நகரத்து ரோடுகளுக்கு, கூட்டமான நேரத்தில் வருகிற வண்டிக்கு அதிகக் கட்டணம் என்று ஏற்பாடு செய்யலாம் என அந்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியின் முன்பு எடுத்துச் சொன்னார். அப்பொழுது அது காரியத்துக்கு வரவில்லை. 1996-ல் அவருக்குப் பொருளாதார சாஸ்திரத்துக்கான நோபல் பரிசு கொடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அறிவித்த மூன்றாம் நாள் அவர் காலமானார்.

முதல் முதலில் காரியத்தில் செய்து காட்டியது சிங்கப்பூர். நம் தமிழ் மொழியும் ஓர் ஆட்சி மொழியாக உள்ள தேசம் அது. 1975 ஜூன் மாதத்தில், காலை நேரத்தில் நகரின் நடுவில் நுழைகிற காருக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி என்று விதித்தார்கள். காசு கட்டியதற்கு அடையாளமாகக் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் 4 பேராவது ஏறிய காருக்கு வரியில்லை. இதிலுள்ள நியாயத்தைக் கவனியுங்கள். காரின் மீது அவர்களுக்கு விரோதமில்லை; காலியான காரின் மீதுதான் விரோதம். 1998-ல் சீட்டுப் போய் யந்திரமே கட்டணம் எடுத்துக்கொள்ளும்படியான ஏற்பாடு வந்தது.

லண்டனில் 2003 பிப்ரவரி 17-ந் தேதி ஆரம்பித்தார்கள். அப்போது நாளொன்றுக்கு 5 பவுன். அது ஏறி ஏறி 2020-ல் 15 பவுனாயிற்று. அங்கே ஆரம்பத்தில் நெரிசல் நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. ஆனால் சில வருஷங்களில் நெரிசல் திரும்பவும் வந்துவிட்டது. வண்டிகளின் எண்ணிக்கை குறைந்தே இருந்தும், ரோடுகளைத் தோண்டியதாலும், பஸ்ஸுக்கும் நடப்பவர்களுக்கும் இடம் ஒதுக்கியதாலும் மிஞ்சிய இடம் சுருங்கிற்று. இதை நான் மறைக்க விரும்பவில்லை. நெரிசல் வரி சர்வரோக நிவாரணி என்று சொல்லி விற்க நான் மருந்துக் கடைக்காரனல்ல.

ஸ்டாக்ஹோமில் நடந்த பரீட்சை

இவைகளுக்கெல்லாம் மேலாக, நம்மைப் போன்றவர்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது ஸ்வீடன் தேசத்துத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் நடந்ததாகும். ஏனென்றால் அங்கே வரியை மாத்திரம் போடவில்லை. வரியைப் பரீட்சை செய்தார்கள்.

அந்நகரம் 14 தீவுகளின் மேல் கட்டப்பட்டது. நகருக்குள் வரவேண்டுமானால் பெரும்பாலும் பாலங்களைத் தாண்டித்தான் வரவேண்டும். காலையிலும் மாலையிலும் பாலங்களில் வண்டிகள் அடைத்துக்கொள்ளும். 2002-ம் வருஷத்துத் தேர்தலில், நகரசபைத் தலைமைக்கு நின்ற அன்னிகா பில்ஸ்ட்ரோம் அம்மையார், "இந்த வரியைப் போட மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்தார். தேர்தல் முடிந்தது. தேச சர்க்கார் நடத்துவதற்குப் பசுமைக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது, அந்தக் கட்சி இந்த வரியைக் கேட்டது, வாக்கு பறந்துவிட்டது. இது யோக்கியமான ஆரம்பமென்று நான் சொல்லமாட்டேன். ஓட்டு வாங்குகிறபோது ஒன்றும், வாங்கிய பிறகு ஒன்றுமாகப் பேசுவது எந்தத் தேசத்திலும் இழிவுதான். ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அப்போது வரியை ஆதரித்தார்கள்.

ஆனால் அந்தக் கெட்ட ஆரம்பத்திலிருந்து ஒரு நல்ல காரியம் நடந்தது. "போடுவோம், கொஞ்ச காலம் நடத்துவோம், எடுத்துவிடுவோம், பிறகு உங்களைக் கேட்போம்" என்று ஏற்பாடாயிற்று.

முதலில் 2005 ஆகஸ்டில் பஸ்களை அதிகப்படுத்தினார்கள். 197 புதிய பஸ்கள், 16 புதிய வழித்தடங்கள். வரி அப்போது இல்லை. நாலு மாத காலம் வெறும் பஸ்ஸை மாத்திரம் ஓட்டிப் பார்த்தார்கள். என்ன நடந்தது? கார்கள் குறையவில்லை! "பஸ் விட்டால் போதும், கார்க்காரன் தானாக இறங்கி வந்துவிடுவான்" என்று சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு 2006 ஜனவரி 3-ந் தேதி வரி ஆரம்பமாயிற்று. 18 இடங்களில் வண்டியின் நம்பரைப் படம் பிடிக்கிற யந்திரத்தை வைத்தார்கள். வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. சுங்கச்சாவடியில் கை நீட்ட வேண்டியதில்லை. நேரத்தைப் பொறுத்து ஒரு தடவை தாண்ட 10, 15 அல்லது 20 குரோனர். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாண்டினாலும் 60-க்கு மேல் இல்லை. மாலை ஆறரை மணிக்குப் பிறகும், சனி ஞாயிறுகளிலும் ஒன்றும் கிடையாது. லிடிங்கோ என்கிற தீவிலுள்ளவர்கள் எங்கே போவதானாலும் இந்த எல்லையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகையால் அங்கிருந்து வந்து அரைமணிக்குள் நகரைக் கடந்து வெளியே போகிற வண்டிக்கு வரி இல்லை என்று விதி செய்தார்கள்.

பத்திரிகைகள் பலவும் எதிர்த்து எழுதின. பஸ்ஸும் ரயிலும் தாங்காது, கடைகள் மூடிக்கொள்ளும், நகரம் குழம்பிப்போகும் என்று ஆரூடம் சொன்னார்கள். ஆரூடக்காரர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. நடந்ததென்னவென்றால், எல்லையைத் தாண்டுகிற வண்டிகள் நூற்றுக்கு 20 பங்கு குறைந்தன. வண்டிகள் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தன. ஆனால் வரிசையில் காத்திருக்கும் நேரமோ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்தது. நான் முன்னே சொன்ன கொட்டகை வாசல் கணக்கு இதுதான். கடைகள் மூடவில்லை. பஸ்ஸும் ரயிலும் தாங்கின.

அந்த ஒரு பங்கு வண்டிகள் எங்கே போயின? சுமார் பாதி, வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாறியது. பாக்கி, இரண்டு தடவை போகிற காரியத்தை ஒரே தடவையில் முடித்துக்கொண்டது, வேறு நேரம் போனது, அல்லது போகாமலே இருந்தது.

2006 ஜூலை 31-ந் தேதி பரீட்சை முடிந்தது. வரியை எடுத்தார்கள். உடனே வண்டிகள் பெரும்பாலும் திரும்ப வந்தன. நெரிசலும் திரும்ப வந்தது. தோழர்களே! இதுதான் பரீட்சையின் அழகு. போட்டபோது குறைந்தது, எடுத்தபோது ஏறியது. இனி, "அது வேறு காரணத்தால் குறைந்தது" என்று யாரும் வாய்ச்சமர்த்துப் பேச முடியாதல்லவா?

பிறகு செப்டம்பர் 17-ந் தேதி, பொதுத் தேர்தலோடு கூடவே, ஸ்டாக்ஹோம் நகரத்தாரிடம் ஓட்டுக் கேட்டார்கள். நூற்றுக்கு 51 பேருக்குச் சற்று அதிகமானவர்கள் "வேண்டும்" என்றார்கள். 45 பேருக்குச் சற்று அதிகமானவர்கள் "வேண்டாம்" என்றார்கள். மற்றவர்கள் வெறும் சீட்டுப் போட்டார்கள். அந்தத் தேர்தலில் வரியைக் கொண்டுவந்த கட்சி தோற்றது. எதிர்த்த கட்சிகள் பதவிக்கு வந்தன. வந்தும், நகரத்தாரின் ஓட்டை ஏற்று 2007 ஆகஸ்ட் 1-ந் தேதியிலிருந்து வரியை நிலையாக்கினார்கள்.

சில வருஷங்கள் கழித்து விசாரித்தபோது மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் அதை ஆதரித்தார்கள். அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், முதலில் எதிர்த்துப் பிறகு மாறியவர்களில் அநேகர், தாங்கள் ஒருபோதும் எதிர்த்ததேயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம்! மனிதனுடைய அபிப்பிராயம் எவ்வளவு தூரம் பழக்கத்தால் ஆனது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? "ரோடு இனாம்" என்பதும் பழக்கம்தான். "ரோட்டுக்குக் காசு" என்பதும் கொஞ்ச நாள் போனால் பழக்கம்தான். இரண்டில் எது நன்மை என்பதை அனுபவம்தான் சொல்ல வேண்டும்.

ஏழைக்கு அநீதியா?

நிற்க, சீட்டிலுள்ள இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்தக் கேள்வி உண்மையானது. இதைச் சிரித்துத் தள்ளுகிறவன் யோக்கியனல்ல. 20 குரோனர் என்பது முதலாளிக்குத் தூசு. கூலிக்காரனுக்கு ஒரு வேளைச் செலவு. எல்லோருக்கும் ஒரே தொகை என்றால் அது எல்லோருக்கும் ஒரே பாரமல்ல.

ஆனால் நாம் கேட்க வேண்டியது, யார் கொடுக்கிறார்கள், யாருக்குப் பலன் என்பதாகும். ஸ்டாக்ஹோமில் கணக்குப் பார்த்தபோது, வரியை அதிகமாய்க் கொடுத்தவர்கள் வருமானம் அதிகமுள்ளவர்களும், ஆண்களும், நகரின் நடுவிலேயே குடியிருப்பவர்களும் என்று தெரிந்தது. ஏனென்றால் காலையில் நகருக்குள் காரோட்டுகிறவர்கள் அவர்கள்தான். ஏழைகளும் பெண்களும் முன்பே பஸ்ஸிலும் ரயிலிலும்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கார் இல்லாதவனுக்காகக் கார் வரியை எதிர்த்துக் கண்ணீர் விடுகிறவர்கள், அவன் நிற்கிற பஸ் நிலையத்தில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு வந்து கண்ணீர் விடட்டும்.

ஆனாலும் பஸ் போகாத இடத்தில் குடியிருந்துகொண்டு, பஸ் ஓடாத நேரத்தில் வேலைக்குப் போகிற ஏழையும் உண்டு. அவனுக்கு வழி செய்யாமல் வரி போடுவது தப்புத்தான். நியூயார்க்கில் 2025 ஜனவரி 5-ந் தேதி இந்த வரி ஆரம்பமாயிற்று. 60-வது தெருவுக்குத் தெற்கே பகலில் நுழைகிற காருக்கு 9 டாலர். அங்கே வருமானம் குறைந்தவர்கள் பதிவு செய்துகொண்டால், மாதத்தில் முதல் 10 தடவைக்குப் பிறகு பாதிக் கட்டணம். இது போதுமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வரியே வேண்டாம் என்பதற்கும், வரியை நியாயமாக்கு என்பதற்கும் வித்தியாசமுண்டு.

மற்றொரு ஏழையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவன் மிகச் சிறியவன், காரும் ஓட்டமாட்டான், ஓட்டும் போடமாட்டான். நான் குழந்தையைச் சொல்லுகிறேன். ஸ்டாக்ஹோமில் சில வருஷங்களின் ஆஸ்பத்திரிக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள், வரி வந்த பிறகு காற்றில் அழுக்குக் குறைந்ததையும், ஆஸ்துமா என்கிற இழைப்பு நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படும் சிறு குழந்தைகளின் தொகை வரவர நன்றாய்க் குறைந்ததையும் கண்டார்கள். காற்று உடனே சுத்தமாயிற்று. நோய் குறையக் கொஞ்ச காலம் பிடித்தது. தோழர்களே! ரோட்டில் நிற்கிற காரின் புகையைக் குடிக்கிற குழந்தை, அந்த ரோட்டை உபயோகித்ததற்காக எந்தச் சுங்கமும் கொடுக்கவில்லை; தன் மூச்சைக் கொடுத்தது. "ரோடு இனாம்" என்று வாதாடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

எந்த வரியானாலும் கொடுக்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பணம் எங்கே போகிறது என்பதாகும். லண்டனில் வரும் லாபத்தைப் போக்குவரத்துக் காரியங்களுக்கே செலவு செய்ய வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். நியூயார்க்கில் அது சுரங்க ரயிலையும் பஸ்ஸையும் சீர்திருத்துவதற்கு என்று விதித்தார்கள். ஸ்டாக்ஹோமிலோ, வரியை நிலையாக்கிய புதிய சர்க்கார் பணத்தைப் புதிய ரோடு போடுவதற்கென்று திருப்பினார்கள். கார்களைக் குறைப்பதற்காக வாங்கிய பணத்தில் கார்களுக்கு ரோடு போடுவது, பல் வலிக்கு மருந்து வாங்க வைத்திருந்த காசில் மிட்டாய் வாங்குவது போலாகும் என்பது என் அபிப்பிராயம். உங்களுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம்.

ஸ்டாக்ஹோமைப் புகழ்ந்த நான் அதன் குறையையும் சொல்லக் கடமைப்பட்டவன். நகரத்தாரிடம் ஓட்டுக் கேட்டார்களே தவிர, அந்த நகருக்குள் வேலைக்கு வருகிற சுற்றுப்புற ஊர்க்காரர்களின் ஓட்டைக் கணக்கில் வைக்கவில்லை. அவ்வூர்களில் பலவற்றில் தாங்களாகவே ஓட்டெடுத்தார்கள். மொத்தத்தில் "வேண்டாம்" என்பதே அதிகம். வரி கொடுக்கிறவனுக்குச் சொல்ல வாயில்லை என்றால் அது சரியல்ல.

அதே ஸ்வீடனில் கோத்தன்பர்க் என்கிற இரண்டாவது நகரத்தில் இதைவிட மோசம். அங்கே 2013 ஜனவரியில் வரி வந்தது. 2014 செப்டம்பரில் ஓட்டெடுத்தார்கள். நூற்றுக்கு 57 பேர் "வேண்டாம்" என்றார்கள். ஆனால் வரி போகவில்லை! ஏனென்றால் அந்தப் பணத்தை நம்பிப் பெரிய ரயில் வேலைகளுக்கும் ரோடு வேலைகளுக்கும் முன்னதாகவே ஒப்பந்தம் செய்துவிட்டிருந்தார்கள். முடிவு செய்துவிட்டுப் பிறகு அபிப்பிராயம் கேட்பது, தாலி கட்டிய பிறகு பெண்ணைச் சம்மதம் கேட்பது போலத்தான். ஸ்டாக்ஹோமில் ஜனங்கள் மாறியதற்கும் கோத்தன்பர்க்கில் மாறாததற்கும் காரணங்கள் பல இருக்கலாம். கோத்தன்பர்க்கில் நெரிசலே முன்பு அவ்வளவு இல்லை. ஆகவே கண்ணுக்குத் தெரிந்த பலனும் குறைவு. ஆனால் எனக்கு முக்கியமாய்ப் படுவது, ஒரு ஊரில் பரீட்சை செய்து, எடுத்துக் காட்டிவிட்டுக் கேட்டார்கள். மற்ற ஊரில் அப்படிச் செய்யவில்லை என்பதாகும்.

பெரிய மனிதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டனில் அந்நியத் தூதராலயங்கள் பல இந்தக் கட்டணத்தைக் கொடுப்பதில்லை. "இது வரி, தூதர்களுக்கு வரி கிடையாது" என்று சொல்லுகிறார்கள். "இது வரியல்ல, சேவைக்குக் கூலி" என்று லண்டன் அதிகாரிகள் சொல்லுகிறார்கள். 2024-ல் வெளியான கணக்கின்படி எல்லாத் தூதராலயங்களின் பாக்கியும் சேர்ந்து 14 கோடி பவுனுக்கு மேல். அதில் அமெரிக்கத் தூதராலயம் மாத்திரம் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு மேல். மருந்து வாங்கப் போகிற சாதாரண மனிதன் கட்டியே தீர வேண்டும். உலகத்துப் பணக்கார சர்க்காரின் தூதர் சட்டம் பேசிக்கொண்டு போகலாம்! வரி நியாயமாக இருந்தால் மாத்திரம் போதாது. வசூலும் நியாயமாக இருக்க வேண்டும்.

முடிவாக

ஆகவே தோழர்களே! சீட்டுக் கொடுத்த தோழருக்கு என் பதில் இதுதான். ரோடு பொதுச் சொத்துத்தான். பொதுச் சொத்தாக இருப்பதனாலேயே, அதை அளவுக்கு மேல் பிடித்துக்கொள்ளுகிறவனிடம் மற்றவர்கள் ஈடு கேட்கலாம். ஏழைக்கு அநீதியா என்றால், அது வரியில் மாத்திரம் இல்லை. அந்தப் பணம் பஸ்ஸாக அவன் வாசலுக்கு வருகிறதா, அல்லது பணக்காரன் காருக்கு இன்னொரு ரோடாகப் போகிறதா என்பதில் இருக்கிறது.

இந்த வரியை எல்லா ஊரிலும் போடு என்று சொல்ல நான் வரவில்லை. எடின்பரோ நகரத்தில் 2005-ல் ஜனங்களைக் கேட்டபோது நாலில் மூன்று பங்கினர் வேண்டாமென்றார்கள். மான்செஸ்டரில் 2008-ல் அதைவிட அதிகமானோர் வேண்டாமென்றார்கள். அந்த இரண்டு ஊர்களிலும் கண்ணால் காணாத ஒன்றைப் பற்றி ஓட்டுக் கேட்டார்கள். காணாததைப் பற்றி மனிதனுக்குப் பயம் வருவது சகஜம். ஸ்டாக்ஹோமில் காட்டிவிட்டுக் கேட்டார்கள். நான் உங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுவது வரியையல்ல, அந்த முறையை. முன்னோர் காலத்திலிருந்து இப்படித்தான் என்று ஒருவன் சொன்னாலும் சரி, புஸ்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு பேராசிரியர் சொன்னாலும் சரி, "செய்து காட்டு, அளந்து காட்டு, எடுத்துக் காட்டு, பிறகு என்னைக் கேள்" என்று சொல்லுங்கள். அந்த நான்கையும் கேட்கத் தெரிந்த ஜனங்களை எந்தச் சர்க்காரும் ஏமாற்ற முடியாது.

நான் சொன்னவைகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டதை ஒப்புக்கொள்ளுங்கள். தப்பென்று பட்டதைத் தள்ளிவிட்டு, ஏன் தப்பென்று அடுத்த கூட்டத்தில் எனக்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள்.